இருட்டுத் துடிப்பு: வௌவாலின் மூளைக் கடிகாரத்தைத் தேடி

ஹாம்ஸ்டர் என்ற கொறிவிலங்கைப் பற்றி 1982இல் ஜியாத் பூலோஸும் பெஞ்சமின் ருசாக்கும் ஒரு கட்டுரை எழுதினார்கள். உடல் கடிகாரத்தை ஆராய்பவர்கள் இன்றும் அதை எடுத்துப் பார்க்கிறார்கள். எந்நேரமும் வெளிச்சத்திலேயே வைக்கப்பட்ட விலங்குக்குச் சிறிது நேரம் இருட்டைக் கொடுத்தால் அதன் உள்கடிகாரம் முன்னுக்கோ பின்னுக்கோ நகர்ந்துவிடுகிறது என்பது அதன் முடிவு. அதன் மேற்கோள்களைப் பிடித்துக்கொண்டு பின்னே போனால் 1978ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று கிடைக்கும். அதில் இருட்டைக் கொடுத்தது வௌவாலுக்கு. செய்த ஊர் மதுரை. எழுதியவர்கள் ஆர். சுப்பராஜ், எம்.கே. சந்திரசேகரன்.

வௌவாலின் நாள் ஒழுங்கை எந்த மூளைப் பகுதிகள் நடத்துகின்றன என்ற கேள்வியோடு நான் பழைய இதழ்களுக்குள் இறங்கியபோது, இந்தக் கட்டுரைதான் எனக்குத் திறவுகோலாக அமைந்தது. வௌவால், மூளை, கடிகாரம் என்ற மூன்றையும் சேர்த்துத் தேடினால் அதிகம் கிடைப்பதில்லை. விஷயம் இல்லாமல் இல்லை, வெவ்வேறு பெயர்களில் சிதறிக் கிடக்கிறது. ஒரு துண்டு விலங்கு நடத்தை இதழில் இருக்கும். அதற்குப் பொருந்தும் துண்டு உடற்கூற்றியல் இதழில், பார்வை நரம்பு என்ற தலைப்பின் கீழ் இருக்கும். இரண்டையும் எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டியிருக்க மாட்டார்கள். ஆகவே தலைப்புகளை நம்பாமல், ஒவ்வொரு கட்டுரையின் கடைசிப் பக்கங்களில் உள்ள மேற்கோள்களை நம்பி நடந்தேன்.

பின்னோக்கிப் போன தடம் 1937இல் போய் நின்றது. டொனால்ட் கிரிஃபினும் ஜான் வெல்ஷும் பாலூட்டியியல் இதழ் ஒன்றில் எழுதிய சில பக்கக் கட்டுரை அது. வெளிச்சம் மாறாத சூழலில் வைத்தபோதும் வௌவால்கள் ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒருமுறை சுறுசுறுப்பாகின, பிறகு அடங்கின. வெளியே பொழுது சாய்வதைப் பார்க்க வழியில்லாதபோதும் தாளம் நிற்கவில்லை. கிரிஃபின் அப்போது ஹார்வர்டு மாணவர். அடுத்த ஆண்டே பியர்ஸ் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து, மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை வௌவால் எழுப்புகிறது என்று காட்டினார். உலகம் அவரை அதற்காக நினைவு வைத்துக்கொண்டது. கடிகாரக் கட்டுரை அந்தப் புகழின் நிழலில் மறைந்துபோனது.

இருபது ஆண்டுகள் கழித்து இன்னொரு இளைஞர் வந்தார். மைக்கேல் மெனாக்கர் 1959இல் நேச்சர் இதழில் குளிர்த்துயிலில் கிடக்கும் வௌவால்களைப் பற்றி எழுதினார். உடல் குளிர்ந்து, இதயத் துடிப்பு தணிந்து, ஏறக்குறைய உயிரற்றுத் தொங்கும் நிலையிலும் அவற்றின் உடல் வெப்பத்தில் நாள் தாளம் இருந்தது. 1961இல் அதைத் தொடர்ந்து, குறைந்த உடல் வெப்பத்தில் வௌவாலின் கடிகாரம் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்று எழுதினார். மூளையில் அது எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அன்று விடை இல்லை.

1972இல் அந்தக் கேள்விக்கு விடை வந்தது, வௌவாலில் அல்ல, எலியில். ராபர்ட் மூரும் விக்டர் ஐக்லரும் ஒரு பக்கம், ஃப்ரீட்ரிக் ஸ்டீஃபனும் இர்விங் ஜுக்கரும் இன்னொரு பக்கம். இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு நேர் மேலே, ஹைபோதலாமஸின் அடித்தளத்தில், இரண்டு சிறு செல் குவியல்கள் உண்டு. சூப்ராகயாஸ்மேட்டிக் உட்கரு என்று பெயர். இரண்டும் சேர்ந்து சுமார் 20,000 நரம்புச் செல்கள்தாம். அதை அழித்தால் எலியின் நாள் ஒழுங்கு குலைந்தது. தண்ணீர் குடிப்பது, நடமாடுவது, ஹார்மோன் சுரப்பது எல்லாம் நேரம் கெட்டு நடந்தன. விழித்திரையிலிருந்து ஒரு தனி நரம்புப் பாதை நேராக இந்தக் குவியலுக்கு வருவதும் அதே ஆண்டில் தெரிந்தது.

வழக்கை முடித்தது 1990இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை. பிறவி மாற்றத்தால் 20 மணி நேரத்தையே ஒரு நாளாகக் கொண்ட ஹாம்ஸ்டர் வகை ஒன்று இருந்தது. அதன் உட்கருவை எடுத்து, தன் உட்கருவை இழந்த இன்னொரு ஹாம்ஸ்டருக்கு வைத்தார்கள். வாங்கிய விலங்கு, கொடுத்த விலங்கின் நாள் நீளத்தில் வாழத் தொடங்கியது. எழுதிய நால்வரில் ஒருவர் மெனாக்கர். வௌவாலில் தொடங்கியவர் ஹாம்ஸ்டரில் முடித்தார். ஹாம்ஸ்டர் சக்கரத்தில் ஓடும், ஓட்டத்தை எண்ணுவது எளிது. வௌவால் சக்கரத்தில் ஓடாது. ஆய்வுக்கூடங்கள் ஹாம்ஸ்டர் பக்கம் சாய்ந்ததற்கு இது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அதனால் வௌவாலின் மூளை இந்தத் துறைக்கு வெளியே நின்றது.

இந்த இடத்தில்தான் மதுரை வருகிறது. சந்திரசேகரன் ஜெர்மனியில் ட்யூபிங்கனில், உயிர்க்கடிகாரத் துறையின் முன்னோடி எர்வின் ப்யூனிங்கின் ஆய்வுக்கூடத்தில் பழகியவர். அங்கே அவர் கையாண்டது பழ ஈ. மதுரைக்கு வந்ததும் ஊரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளின் குகை வௌவால்களை எடுத்துக்கொண்டார். ஆய்வுக்கு வசதியான விலங்கைத் தேடாமல், அருகில் வாழும் விலங்கிடம் கேள்வியைக் கொண்டுபோனார். அந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மதுரைக் குழுவின் பதிவு முறையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வௌவாலை வைத்த கூண்டு இலேசாக ஆடும்படி தொங்கவிடப்பட்டிருக்கும். உள்ளே அது சிறகடித்தால் கூண்டு அசையும், அசைவு ஒரு சிறு மின்விசையைத் தொடும், விசை தொட்டால் நகர்ந்துகொண்டே இருக்கும் தாளில் பேனா ஒரு குறுக்குக் கீறல் போடும். வௌவால் தூங்கினால் வெறும் நேர்கோடு. பறந்தால் கீறல்கள் நெருங்கி மைப்பட்டையாகிவிடும். ஒரு நாள் தாளை வெட்டி, அதன் கீழே மறுநாள் தாளை ஒட்டி, அதன் கீழே அடுத்த நாளை ஒட்டுவார்கள். கடிகாரம் சரியாக 24 மணி நேரத்தில் ஓடினால் மைப்பட்டைகள் ஒன்றின் கீழ் ஒன்றாகச் செங்குத்தாக நிற்கும். கொஞ்சம் வேகமாக ஓடினால் ஒவ்வொரு நாளும் இடப்பக்கம் சரியும், மெதுவாக ஓடினால் வலப்பக்கம். அந்தச் சரிவில் ஒரு நாள் திடீரென்று ஒரு முறிவு தெரிந்தால், கடிகாரத்தை ஏதோ ஒன்று தள்ளியிருக்கிறது. உடல் கடிகாரத் துறையின் பெரும் சண்டைகள் எல்லாம் இந்தச் சரிவையும் முறிவையும் படிப்பதில்தான் நடந்தன.

1978 கட்டுரையின் விலங்கு கருந்தாடிக் கல்லறை வௌவால், அறிவியல் பெயர் டாஃபோசஸ் மெலனோபோகான். தொடர் வெளிச்சத்தில் அதன் தாளம் தன்போக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது இடையில் இருட்டுத் துடிப்புகளைக் கொடுத்தார்கள். சில நேரங்களில் கொடுத்த இருட்டு கடிகாரத்தை முன்னே தள்ளியது, சில நேரங்களில் பின்னே இழுத்தது. வெளிச்சம்தான் கடிகாரத்தைத் திருத்தும், இருட்டு வெளிச்சத்தின் இன்மை மட்டுமே என்று எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. இருட்டுக்கும் தனியாக ஒரு பிடி இருக்கிறது என்றால், அந்தப் பிடி மூளைக்குள் எந்த வழியாக வருகிறது?

அதற்கான தடயம், 1976இல் எலியின் பார்வை மண்டலத்தைப் பற்றி ஹிக்கி, ஸ்பியர் இருவரும் எழுதிய கட்டுரையில் கிடக்கிறது. தாலமஸில் கண்ணிலிருந்து செய்தி வாங்கும் இரண்டு பெரிய உட்கருக்களுக்கு நடுவே மெல்லிய இதழ் போல ஒரு செல் அடுக்கு இருப்பதை அவர்கள் பிரித்துக் காட்டி, இன்டர்ஜெனிகுலேட் லீஃப்லெட் என்று பெயர் வைத்தார்கள். இங்கே அதை இதழ் என்றே சொல்லிக்கொள்கிறேன். கண்ணிலிருந்து செய்தி வாங்குகிற இந்த இதழ் சூப்ராகயாஸ்மேட்டிக் உட்கருவுக்கு நரம்புகளை அனுப்புகிறது. அந்த நரம்புகள் நியூரோபெப்டைட் ஒய் என்ற பொருளைச் சுமந்து செல்கின்றன. 1984இல் ஆல்பர்ஸும் ஃபெரிஸும் அந்தப் பொருளை ஹாம்ஸ்டரின் கடிகார உட்கருவுக்குள் செலுத்தினார்கள். கடிகாரம் நகர்ந்தது. நகர்ந்த விதம் வெளிச்சத்தால் நகரும் விதத்தைப் போல இல்லை, இருட்டுத் துடிப்பால் நகரும் விதத்தைப் போல இருந்தது. 1989இல் வான் ரீத்தும் டியூரெக்கும் இன்னொரு படி போனார்கள். இருட்டைக் கொடுத்து, அதே நேரம் ஹாம்ஸ்டரை ஓடவிடாமல் தடுத்தால் கடிகாரம் நகரவில்லை. ஆக, அங்கே கடிகாரத்தைத் தள்ளியது இருட்டு கிளப்பிவிட்ட ஓட்டம்.

இந்த இடத்தில் எனக்கு மதுரைக் குகை ஞாபகம் வந்தது. 1981இல் ஜி. மாரிமுத்து, எஸ். ராஜன், சந்திரசேகரன் மூவரும் வெளியிட்ட குகைச் சோதனையை இதுவரை தனிக் கதையாகத்தான் படித்திருந்தேன். விலங்கு இலைமூக்கு வௌவால், ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ். எடை பத்து கிராம் அளவே. பகல் வெளிச்சம் எட்டாத குகை ஆழத்தில், கூண்டில் தனியாக ஒரு வௌவாலை அடைத்து வைத்தார்கள். அதைச் சுற்றி அதே இனக் கூட்டம் தொங்கியது. கூட்டம் அந்தியில் பறந்து போகும், விடியுமுன் திரும்பும். கூண்டுக்குள் இருந்தது பொழுதைப் பார்க்கவே இல்லை. ஆனால் அதன் தாளம் 24 மணி நேரத்தில் நின்றது, கூட்டத்தின் போக்குவரத்தோடு சேர்ந்து நின்றது. கூட்டம் இல்லாத குகையில் வைத்தபோது மைப்பட்டைகள் சரியத் தொடங்கின.

இதோடு விட்டுவிடவில்லை. அதே குகையில் வேறு குடும்பத்தைச் சேர்ந்த கல்லறை வௌவாலை வைத்துப் பார்த்தார்கள். இலைமூக்கு வௌவால்களின் போக்குவரத்து அதை அசைக்கவில்லை, அதன் கடிகாரம் தன்போக்கில் ஓடியது. இலைமூக்கு வௌவாலின் எதிரொலிக் குரல் சுமார் 130 கிலோஹெர்ட்ஸில் இருக்கும், கல்லறை வௌவால்களுடையது 20க்கும் 30க்கும் இடைப்பட்டது. ஒன்றின் பேச்சு மற்றதற்குச் செய்தியாகவில்லை என்று இதைப் படிக்கிறேன். 1983இல் மாரிமுத்துவும் சந்திரசேகரனும் குகைக்குள் தொடர் வெளிச்சத்தை வைத்தார்கள். கூட்டம் அங்கேயே இருந்தும், கூண்டு வௌவால் கூட்டத்தின் தாளத்தை விட்டு விலகியது.

குகையின் மூன்று முடிவுகளையும் ஹாம்ஸ்டர் மூளையின் வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கடிகார உட்கருவுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று விழித்திரையிலிருந்து நேரே வரும் வெளிச்ச வாசல். மற்றது தாலமஸ் இதழ் வழியாக, விலங்கு விழித்து இயங்கும் நிலையைக் கொண்டுவரும் வாசல். குகையில் வெளிச்ச வாசல் மூடிக் கிடந்தது. கூட்டம் திரும்பும் ஆரவாரம் கூண்டு வௌவாலைக் கிளப்பிவிட, இரண்டாம் வாசல் வழியாக நேரம் உள்ளே போனது. தொடர் வெளிச்சம் வைத்ததும் முதல் வாசல் ஓங்கி, இரண்டாவது அமுங்கியது. இது என் வாசிப்பு. குகைக் கட்டுரைகளை எழுதியவர்கள் மூளையைத் திறக்கவில்லை. அவர்கள் கேட்டது நடத்தையைப் பற்றிய கேள்வி, அதற்கு முழுமையான பதில் தந்தார்கள். ஆனால் நடத்தையை இத்தனை சுத்தமாகப் பிரித்துக் காட்டியதால், மூளையில் எங்கே தேட வேண்டும் என்பதையும் அவர்கள் தங்களை அறியாமலே சொல்லிவிட்டார்கள்.

மூளையைத் திறந்தவர்கள் யார்? அதற்கு உடற்கூற்றியல் இதழ்களுக்குப் போக வேண்டியிருந்தது. 1979இல் கோட்டரும் பென்ட்னியும் இரண்டு வௌவால்களில் கண் நரம்புகள் மூளையில் எங்கெங்கே போய்ச் சேர்கின்றன என்று தடம் பிடித்தார்கள். ஒன்று நம் ஆலமரங்களில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னிப் பெருவௌவால். மற்றது மயோடிஸ் லூசிஃபுகஸ் என்ற சிறிய பூச்சியுண்ணி. 1989இல் ரைமர், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் குதிரைலாட வௌவால் ஒன்றுக்கு அதே வேலையைச் செய்தார். குதிரைலாட வௌவால் மதுரை இலைமூக்கு வௌவாலுக்கு மிக நெருங்கிய உறவு. அந்த வரைபடம் கிடைத்தபோது, ஊரிலேயே இருந்த பொருளை உலகெல்லாம் தேடினோமே என்று தோன்றியது.

ஆனால் 1986க்குப் பிறகு வந்த உடற்கூற்றியல் கட்டுரைகள் பல கடிகாரத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பெரும்பாலும் நடுமூளையைப் பற்றியே பேசுகின்றன. காரணம் ஒரு பழைய சர்ச்சை. 1986இல் ஜாக் பெட்டிக்ரூ என்ற ஆஸ்திரேலிய அறிஞர், பழந்தின்னி வௌவால்களின் கண்-நடுமூளை இணைப்பு குரங்கினத்தின் இணைப்பைப் போல இருக்கிறது, ஆகவே அவை பறக்கும் குரங்கினமாக இருக்கலாம் என்று எழுதினார். அடுத்த பத்தாண்டுகள் வௌவாலின் கண் நரம்பைத் தொட்ட பலரும் அதை ஆதரிக்கவோ மறுக்கவோ தொட்டார்கள். 1991இல் எகிப்தியப் பழ வௌவாலில் அந்த இணைப்பு குரங்கினத்தைப் போல இல்லை என்று ஜெர்மன் குழு ஒன்று காட்டியது. பிறகு மரபணு ஆய்வு கதையை முடித்தது. வௌவால்கள் எல்லாம் ஒரே குலம். குதிரைலாட, இலைமூக்கு வௌவால்கள் மற்றப் பூச்சியுண்ணிகளைவிடப் பழந்தின்னிகளுக்கே நெருக்கம். இந்தச் சண்டை நடந்த காலம் முழுவதும், அதே மூளைத் துண்டுகளில், நடுமூளைக்குச் சற்று முன்னே கடிகார உட்கரு கேட்பாரற்றுக் கிடந்தது. நல்ல சர்ச்சை துறையை வளர்க்கும் என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் அது கவனத்தைத் திருப்பிவிட்டது என்பது என் கருத்து.

நிலைமை மெல்ல மாறியது. காலரா நச்சின் ஒரு துண்டைக் கண்ணுக்குள் செலுத்தினால் அது நரம்பிழை வழியே மூளை வரை போய், இழை முடியும் இடத்தைச் சாயமேற்றிக் காட்டும். பழைய முறைகளைவிட நுட்பமானது. அந்த முறையில் 2015இல் கரோலியா பெர்ஸ்பிசிலாட்டா என்ற அமெரிக்கப் பழ வௌவாலுக்கு, சுண்டெலியோடு ஒப்பிட்டு, வரைபடம் வந்தது. 2018இல் பிரேசில் குழு ஒன்று ஆர்ட்டிபியஸ் பிளானிரோஸ்ட்ரிஸ் என்ற இனத்துக்கு அதைச் செய்தது. அதே 2018இல் கொரிய ஆய்வாளர்கள் பெரிய குதிரைலாட வௌவாலின் விழித்திரையில் மெலனாப்சின் என்ற ஒளியுணர் புரதத்தைத் தாங்கும் செல்களைக் காட்டினார்கள். உருவங்களைப் பார்ப்பது இந்தச் செல்களின் முதல் வேலை அல்ல. பொழுதை அறிந்து கடிகார உட்கருவுக்குச் சொல்வதே அவற்றின் வேலை என்பது 2002 முதல் தெரிந்த உண்மை. கண்ணிருந்தும் குருடு என்று நாம் வழக்கமாகப் பழிக்கும் விலங்கு, பொழுதை அறியும் கண்ணோடுதான் இருக்கிறது.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. 1985இல் டி. ஜோஷியும் சந்திரசேகரனும் மதுரை இலைமூக்கு வௌவாலின் கடிகாரம் எந்த நிற ஒளிக்கு அதிகம் அசைகிறது என்று அளந்தார்கள். 430, 520 நானோமீட்டரை ஒட்டி இரண்டு உச்சங்கள் தெரிந்தன. ஊதா கலந்த நீலத்துக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று. இரண்டு வகை ஒளியுணரிகள் இருக்க வேண்டும் என்று கருதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு இதே இருவர், ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் ஒளிமின்னல்கூட இந்த வௌவாலின் கடிகாரத்தைத் திருத்திவிடும் என்று காட்டியிருந்தார்கள். கவனமான கைகள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 2009இல் சீன, ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்ட மரபணு ஆய்வு, குதிரைலாட, இலைமூக்கு வௌவால்களில் குறுகிய அலைநீள ஒளிக்கான கூம்புச் செல் மரபணு சிதைந்து செயலிழந்துவிட்டது என்றது. மெலனாப்சினின் உச்சமோ 480 பக்கம், இரண்டு உச்சங்களுக்கும் நடுவில். அப்படியானால் 430ஐப் பிடித்தது எது?

மரபணு வந்துவிட்டது, பழைய அளவீடு தவறு என்று கைகழுவ எனக்கு மனம் வரவில்லை. ஜோஷியின் சோதனையில் பதில் சொன்னது உயிருள்ள வௌவால். மெலனாப்சினும் கோல் செல்களும் 430இலும் ஒளியை ஓரளவு உறிஞ்சும். கடிகாரத்தைப் பின்னே இழுக்கும் நேரத்திலும் முன்னே தள்ளும் நேரத்திலும் மூளை அவற்றை வெவ்வேறு விகிதத்தில் கலந்து கேட்கலாம். அளவீட்டை வைத்துக்கொண்டு விளக்கத்தை மாற்ற வேண்டும் என்பதே என் தீர்ப்பு. அந்தச் சோதனையை இன்றைய கருவிகளோடு அதே இனத்தில் மறுபடி செய்தால் இது தீர்ந்துவிடும்.

தாலமஸ் இதழைப் பற்றிய என் வாசிப்பையும் சோதிக்க வழி உண்டு. நரம்புச் செல் ஒன்று தூண்டப்பட்டால் அதற்குள் ஃபாஸ் என்ற புரதம் தோன்றும். இரவு வெளிச்சம் பட்ட கொறிவிலங்கின் கடிகார உட்கருவில் அது தோன்றுவதை 1989-90இலேயே காட்டிவிட்டார்கள். இருண்ட குகையில் கூட்டம் திரும்பும் நேரத்தில் கூண்டு வௌவாலின் இதழில், நியூரோபெப்டைட் ஒய் சுமக்கும் செல்களில், ஃபாஸ் தோன்றினால் நான் சொல்வது சரி. தோன்றாவிட்டால், ஒலி வேறு பாதையில் கடிகாரத்தை எட்டுகிறது என்று பொருள். வௌவால்கள் அருகிவரும் காலத்தில் இதற்கு மிகச் சில விலங்குகளே போதும், அதற்கு மேல் தொடக்கூடாது.

இதையெல்லாம் செய்ய வருபவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பதிவுகள் தேவை. அச்சான கட்டுரையில் இரண்டு மூன்று வௌவால்களின் மைப்பட்டைகள்தான் படமாக இருக்கும். மீதி தாள் சுருள்களிலும் ஒட்டுத்தாள்களிலும் ஆய்வேட்டின் பின்னிணைப்புகளிலும் இருக்கும். 1970, 80களில் தமிழ்நாட்டில் விலங்கியல் துறைகளில் உடல் கடிகாரம் பதிவு செய்தவர்கள், அவர்களின் மாணவர்கள், குடும்பத்தார் யாரிடமாவது அப்படிப்பட்ட சுருள்கள் இருந்தால் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். தேதியும் இனப்பெயரும் எழுதப்பட்ட ஒரு சுருள்கூடப் பயன்படும். அருகிலுள்ள பல்கலைக்கழக விலங்கியல் துறையிடம் சொல்லி, படி எடுத்து வைக்கச் செய்யுங்கள்.